சாக்குப்பையும் பட்டறையும்: பாஸ்டன் மார்கன் ஆலயப் பணியின் வரலாறு

ஜான் வெஸ்லியின் நாட்குறிப்பில், 1740-ஆம் ஆண்டு நவம்பர் மாதப் பக்கங்களில், மூன்று வார இடைவெளியில் இரு செய்திகள் காணப்படுகின்றன. இலண்டன் சங்கத்தாருள் வசதியுடையோர் கொண்டுவந்து ஒப்படைத்த ஆடைகளைச் சங்கத்து ஏழைகளுக்கு அவரவர் தேவைக்கேற்பப் பகிர்ந்தளித்தது முதற்செய்தி. வேலையிழந்தோருள் மிக ஏழைகளாய்க் காணப்பட்ட பன்னிருவரையும், அவர்களுக்குக் கற்பிக்க ஓர் ஆசிரியரையும் சங்கக் கூடத்தில் அமர்த்தி, இளவேனில் வரும்வரை நான்கு மாதங்கள் பஞ்சு சிக்கெடுக்கவும் நூல் நூற்கவும் செய்வித்தது இரண்டாம் செய்தி. அவர்களுடைய உழைப்பின் பயனைக் காட்டிலும் சிறிதளவே கூடுதலான செலவில் அவர்களைப் பேண முடிந்தது என்று வெஸ்லி மனநிறைவுடன் குறித்து வைத்தார்.

இவ்விரு பணிகளும் ஒரே கூரையின்கீழ் நடந்தவை. எனினும் ஒன்றையொன்று தொடவில்லை. ஆடைகள் பகிரப்பட்டதோடு அவ்வறம் முடிந்தது. இளவேனில் வந்ததும் நூற்புக் கூடமும் கலைந்தது. அந்த ஆடைகளை விற்று அந்த ஆசிரியருக்குக் கூலி கொடுக்கலாம் என்று அன்று எவருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை. 1746-இல் வெஸ்லி ஏற்படுத்திய சிறு கடனுதவி நிதியும் பணத்தைக் கொண்டே தொழிலுக்கு வழி செய்தது. பொருளைக் கொண்டு அன்று. பிறர் கழித்த பொருளையும் வேலையற்றவனின் கையையும் ஒன்றாக இணைத்து, அவ்விணைப்பிலிருந்தே கூலியையும் பயிற்சியையும் விளைவிக்கும் முறை உருப்பெற ஏறத்தாழ 160 ஆண்டுகள் ஆயின. அதனை நிலைபெறச் செய்தவரும் ஒரு மெதடிஸ்டுப் போதகரே. அவர் செய்தது யாது, அது பின்னர் எவ்வாறு மாறிற்று, அம்மாற்றம் திருச்சபையின் ஊழியம் பற்றி நம்மிடம் என்ன கேட்கிறது என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

இரட்சணிய சேனையின் முன்முயற்சியை முதலில் சொல்லிவிடுதல் நேர்மையாகும். ஜெனரல் வில்லியம் பூத் 1890-இல் வெளியிட்ட இருண்ட இங்கிலாந்து பற்றிய நூலில், பெருநகர வீடுகள் எறிந்துவிடும் பொருள்களை வேலையற்றோரைக் கொண்டு திரட்டிப் பயன்படுத்தும் திட்டம் ஒன்று விரிவாகக் கூறப்பட்டுள்ளது. 1897 முதல் அமெரிக்காவிலும் சேனையார் நியூயார்க்கு நகரத்து ஆடவர் தங்குமிடத்தைச் சார்ந்து இவ்வேலையைத் தொடங்கினர். தெருவில் கிடந்து குடியால் சீரழிந்தவனுக்குப் படுக்கையும் உணவும் அளித்து, பழம்பொருள் திரட்டும் வண்டியோடு அவனை அனுப்புவது அவர்கள் முறை. அவர்களுடைய கண் முதன்மையாக அவனுடைய ஆன்ம மீட்பின்மீது இருந்தது; வேலை அம்மீட்புக்குத் துணை. பாஸ்டனில் தோன்றிய முறையின் கருத்து இதனின்று சற்றே வேறானது.

பாஸ்டன் நகரின் தென்முனைப் பகுதி, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், குடியேறியோரால் நிறைந்த பகுதியாயிற்று. ஐரிஷ் மக்கள், இத்தாலியர், யூதர், சிரியர், தென் மாநிலங்களிலிருந்து வந்த கறுப்பின மக்கள் எனப் பலரும் நெருங்கிய குடியிருப்புகளில் வாழ்ந்தனர். அங்கே ஷாமட் சாலையில் ஹென்றி மார்கன் என்னும் போதகர் ஒரு சிற்றாலயத்தை நடத்திவந்தார். தம்மை மெதடிஸ்டு என்றே கூறிக்கொண்ட போதிலும் எந்த ஆட்சிக்கும் எளிதில் அடங்காதவர் அவர். 1884-இல் அவர் மரித்தபோது விட்டுச்சென்ற உயில் விந்தையானது. ஆலயச் சொத்தை அவர் யூனிட்டேரியன் சபைகளின் அறக்கூட்டமைப்புக்கு எழுதிவைத்தார். ஆனால் அங்கே ஊழியம் செய்யும் போதகர் மெதடிஸ்டாக இருக்கவேண்டும் என்று நிபந்தனை விதித்தார். திரித்துவத்தை ஏற்காத சபையார் உடைமையாளர். திரித்துவத்தைப் போதிக்கும் சபையார் ஊழியர்! நம் நாட்டுச் சபைச் சொத்து வழக்குகளை அறிந்தவர்கள், இத்தகைய உயில் நீதிமன்றத்தில்தான் போய் முடிந்திருக்கும் என்று எண்ணக்கூடும். அங்கோ இரு சாராரும் ஒத்துழைத்தனர். யூனிட்டேரியன் செல்வர்களின் ஆதரவும் மெதடிஸ்டு ஊழியத்தின் உழைப்பும் ஒரே இடத்தில் கூடியது, பின்னர் நிகழ்ந்தவற்றுக்குப் பெருந்துணையாயிற்று.

1895-இல் அச்சிற்றாலயத்துக்கு நியமிக்கப்பட்டவர் எட்கர் ஜேம்ஸ் ஹெல்ம்ஸ். 1863-இல் நியூயார்க்கு மாநிலத்தின் வடபகுதியில் பிறந்து, அயோவா மாநிலத்தில் வளர்ந்து, பாஸ்டன் பல்கலைக்கழக இறையியல் பள்ளியில் பயின்றவர். நகரின் ஏழைப் பகுதிகளில் குடியமர்ந்து பணிசெய்யும் இயக்கத்தில் முன்னரே ஈடுபட்டிருந்தார். சமூக நற்செய்தி என்று பிற்காலத்தார் அழைக்கும் சிந்தனை அப்போது உருவாகிக்கொண்டிருந்தது. வால்டர் ரௌஷன்புஷ் நியூயார்க்கின் ஏழைப் பகுதியொன்றில் 1886 முதல் போதகராயிருந்தார். அவருடைய புகழ்பெற்ற நூல் 1907-இல் வெளிவந்தது. மெதடிஸ்டு சபையின் சமூக அறிக்கை 1908-இல் பிறந்தது. ஹெல்ம்ஸ் இவர்களோடு ஒப்பிடத்தக்க இறையியல் எழுத்தாளர் அல்லர். அவர் இறையியலை அவருடைய ஆலயக் கட்டடத்தின் அறைகளில்தான் நாம் வாசிக்கவேண்டும்: குளியலறைகள், வேலைக்குச் செல்லும் தாய்மாரின் குழந்தைகளுக்கான பகற்காப்பகம், கைத்தொழில் வகுப்புகள் எனக் கட்டடம் முழுவதும் வாரநாள்களிலும் இயங்கிற்று.

1893-இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியின் விளைவுகள் அந்நகரில் நெடுநாள் நீடித்தன. உதவி நாடி வருவோர்க்கு என்ன கொடுப்பது, எப்படிக் கொடுப்பது என்பது அக்கால அறநிறுவனங்களிடையே பெரும் விவாதமாயிருந்தது. தகுதியுள்ள ஏழை, தகுதியற்ற ஏழை என்று பிரித்து, விசாரணை செய்து, அதன்பின்பே உதவவேண்டும் என்பது அறப்பணி ஒழுங்குச் சங்கங்களின் கோட்பாடு. இக்கோட்பாட்டின் கொடுமை நாம் அறிந்ததே: உதவி பெறுமுன் ஏழை தன் ஏழ்மையை நிரூபிக்கவேண்டும், தன் ஒழுக்கத்தையும் நிரூபிக்கவேண்டும். ஹெல்ம்ஸ் இதற்கு மறுப்பாக ஒரு நூல் எழுதவில்லை. ஒரு கோணிப்பையை எடுத்துக்கொண்டு பாஸ்டனின் செல்வர் வாழும் தெருக்களுக்குச் சென்றார்.

அவ்வாறு அவர் திரட்டிய ஆடைகளும் காலணிகளும் மரச்சாமான்களும் முதலில் ஏழைகளுக்கு அப்படியே வழங்கப்பட்டன. ஆனால் அவற்றுள் பல கிழிந்தவை, பழுதானவை. அன்றியும், இலவசமாகப் பெறக் கூசியோர் பலர். சிறிதேனும் விலை கொடுத்து வாங்குவதையே அவர்கள் விரும்பினர். வேலையற்றவர்களோ ஆலய வாசலில் நின்றுகொண்டிருந்தனர். இம்மூன்றும் கூடியபோது முறை தானாகவே தோன்றிற்று எனலாம். வேலையற்றவர் பழுதைச் சரிசெய்வார். சரிசெய்யப்பட்டது குறைந்த விலைக்கு விற்கப்படும். விற்ற பணம் சரிசெய்தவருக்குக் கூலியாகும். 1902-ஆம் ஆண்டை இப்பணியின் தொடக்கமாகக் கொள்வது வழக்கம். 1905-இல் இது மார்கன் நினைவுக் கூட்டுறவுத் தொழில்களும் கடைகளும் என்னும் பொருள்படும் பெயரில் சட்டப்படி பதிவாயிற்று. கூட்டுறவு என்னும் சொல் அப்பெயரில் இடம்பெற்றதை நாம் கவனிக்கவேண்டும். அது வெறும் அலங்காரச் சொல் அன்று. 'தருமம் அன்று, ஒரு வாய்ப்பு' என்னும் கருத்துடைய முழக்கம் அவ்வியக்கத்தின் அடையாளமாயிற்று. நல்லெண்ணம் எனப் பொருள்படும் குட்வில் என்ற பெயரோ பாஸ்டனில் பிறந்ததன்று. புரூக்ளின் நகரில் இதே பணியைத் தொடங்கியவர்கள் வைத்த பெயர் அது. 1916-க்குள் இம்முறை அமெரிக்காவின் மேற்குக் கரையையும் எட்டிவிட்டது. மெதடிஸ்டு சபையின் உள்நாட்டு மிஷனரிப் பணித்துறை இதன் பரவலுக்குக் கைகொடுத்தது.

நம் சபைகளின் அறுப்பின் பண்டிகை ஏலத்தை இங்கு நினைத்துப் பார்த்தல் பொருந்தும். காணிக்கையாக வரும் வாழைத்தாரும் சேவலும் ஏலத்தில் விற்கப்பட்டு, பணம் ஆலயத்துக்குச் சேருகிறது. பொருளைப் பணமாக்கும் வகையில் அதுவும் இதுவும் ஒன்றே. ஆனால் காணிக்கைக்கும் விற்பனைக்கும் இடையே ஏழையின் உழைப்பு நுழைவதற்கு ஏலத்தில் இடமில்லை. ஹெல்ம்ஸ் கண்டுபிடித்தது கடையை அன்று, அந்த இடைவெளியைத்தான்.

அவ்விடைவெளி பொருளாதார வகையிலும் ஆராயத்தக்கது. தொழில் கற்பவன் தொடக்கத்தில் தன் கூலிக்கு ஈடாக உற்பத்தி செய்யமாட்டான். அவன் கெடுக்கும் மூலப்பொருளின் நட்டம் ஒருபுறம். கற்பிப்பவரின் நேரம் மறுபுறம். இந்நட்டத்தை யார் தாங்குவது? சாதாரணத் தொழிற்சாலை தாங்காது. ஆகவே அது பழகாதவனை, முதியவனை, உடற்குறையுடையவனை, சிறையினின்று வந்தவனை வாசலிலேயே திருப்பியனுப்பும். மிஷனரிகள் நம் நாட்டில் நடத்திய தொழிற்பள்ளிகள் நன்கொடைப் பணத்தால் இந்நட்டத்தை ஈடுசெய்தன. நன்கொடை நின்றபோது தள்ளாடின. பழம்பொருள் பட்டறையிலோ மூலப்பொருளுக்கு விலையே இல்லை. பழகாத கை ஒரு சட்டையைக் கெடுத்துவிட்டால் அது கந்தல் துணியாக எடைக்குப் போகும், அவ்வளவே. தவறு செய்ய இடங்கொடுக்கும் பட்டறையே கற்பிக்கும் பட்டறை. அத்தகைய பட்டறையை மலிவாக நடத்த வழிகண்டது இம்முறையின் மெய்யான சிறப்பு என்பது நம் கருத்து.

கோணிப்பைக்கும் இதில் பங்குண்டு. வீடுதோறும் பை கொடுக்கப்பட்டது. அது நிறைந்தபின் வண்டி வந்து எடுத்துச் சென்றது. கேட்கும்போது கொடுப்பது வேறு. பை வீட்டில் தொங்கிக்கொண்டேயிருப்பது வேறு. பட்டறையில் கூலி தவறாமல் கொடுக்கவேண்டுமாயின் பொருள் தவறாமல் வரவேண்டும். பை அதை உறுதிசெய்தது. எலிசா தீர்க்கதரிசியின் காலத்து விதவை அயலகத்தாரிடம் வெறும் பாத்திரங்களை இரவல் வாங்கிய வரலாறு (2 இராஜாக்கள் 4) நம் நினைவுக்கு வருகிறது. அங்கே அயலார் கொடுத்தது எண்ணெயை அன்று, வெறும் பாத்திரங்களையே. எண்ணெய் அவள் வீட்டிலிருந்தே வந்தது. அவளே ஊற்றினாள், அவளே விற்றாள், தன் கடனைத் தானே தீர்த்தாள்.

எனினும் ஒரு குறையை இங்கே சொல்லாமல் விடுவதற்கில்லை. செல்வர் வீட்டிற்குத் தேவையற்றுப்போனதே ஏழையின் வாழ்வாதாரம் என்னும் அமைப்பில், செல்வரின் வாழ்வில் எதுவும் மாறவேண்டியதில்லை. ரௌஷன்புஷ் போன்றோர் எழுப்பிய கேள்வி, தொழிலாளி ஏன் இத்துணை குறைந்த கூலி பெறுகிறான் என்பதாகும். கோணிப்பை அக்கேள்வியைக் கேட்கவில்லை. அது ஏழைக்குக் கதவைத் திறந்தது. ஆனால் கதவை அடைத்தவர் யார் என்று விசாரிக்கவில்லை. கூட்டுறவு என்ற பெயரில் அக்கேள்வியின் விதை இருந்தது. பெயர் மாறியபோது அதுவும் உதிர்ந்தது.

1930-களின் பெரும் பொருளாதார மந்தத்தின்போது நாட்டில் எல்லாரும் வேலையற்றோராயினர் போலும் என்னும் நிலை ஏற்பட்டது. அரசே பெரிய அளவில் நிவாரண வேலைகளைத் தொடங்கிற்று. உடல் நலமுடைய வேலையற்றவர் அங்கே செல்ல இயன்றது. உடற்குறையுடையோர்க்கோ அங்கும் இடம் அரிது. ஆகவே குட்வில் தொழிற்கூடங்கள் படிப்படியாக மாற்றுத்திறனாளிகளின் மறுவாழ்வையே தம் தனிப்பணியாக ஏற்றன. அரசின் சட்டங்களும் அத்திசையில் சென்றன. தொழில்சார் மறுவாழ்வுக்கான கூட்டாட்சிச் சட்டம் 1920-இல் வந்தது. 1943-இல் அது மனநலக் குறையுடையோரையும் உள்ளடக்குமாறு விரிவுபெற்றது. 1938-ஆம் ஆண்டின் மற்றொரு சட்டம், பார்வையற்றோர் செய்யும் பொருள்களைக் கூட்டாட்சி அரசு வாங்கவேண்டும் என்றது. 1971-இல் அது ஏனைய கடுங்குறையுடையோர்க்கும் நீட்டிக்கப்பட்டது. இதனால் தொழிற்கூடங்களுக்குப் பழம்பொருளோடு அரசு ஒப்பந்தங்களும் வருவாயாயின. அதே 1938-இல் பிற சமயத்தாரும் இம்முறையைப் பின்பற்றலாயினர். மார்மன் சபையார் சால்ட் லேக் நகரில் டெசரட் தொழிற்கூடங்களைத் தொடங்கினர். கத்தோலிக்கரிடையே, பிரான்சு நாட்டில், அபே பியேர் என்னும் குரு 1949-இல் தொடங்கிய எம்மாவு சமூகங்கள், வீடற்றோர் கந்தை பொறுக்கித் தம்மைத்தாமே தாங்கிக்கொள்ளும் வேறொரு வடிவத்தை உருவாக்கின. இங்கிலாந்தில் ஆக்ஸ்பாம் 1947-இல் ஆக்ஸ்போர்டு நகரில் திறந்த கடை முற்றிலும் வேறு வகை: அங்கே விற்பனைப் பணம் வேற்றிடத்துத் துயர் துடைக்கச் சென்றது; கடையில் நிற்பவரைப் பயிற்றுவிப்பது அதன் நோக்கமன்று.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் வந்த மாற்றம் ஓசையின்றி வந்தது. ஆகவே வரலாற்றாசிரியர் பலர் அதைக் கவனிப்பதில்லை. ஆடையும் காலணியும் தொழிற்சாலைகளிலிருந்து மலிவாக வந்து குவிந்தபோது, பழுது பார்ப்பது கட்டுபடியாகாத வேலையாயிற்று. காலணி தைப்பவரும் நாற்காலி பின்னுபவரும் நகரில் அருகினர். அத்தொழில்களைக் கற்றவனுக்கு வெளியே வேலை கிடைக்கவில்லை. ஆகவே கடைக்கு வரும் பொருளுள் நல்லவற்றைத் தெரிந்தெடுத்து, விலைச்சீட்டு ஒட்டி, அப்படியே விற்பது வழக்கமாயிற்று. மற்றவை எடைக்குப் போயின. ஹெல்ம்ஸின் காலத்தில் பொருளே பாடமாயிருந்தது: கிழிந்த சட்டையைத் தைத்தவன் தையல் கற்றான். பின்னைய காலத்திலோ பொருள் பணமாயிற்று. அப்பணம் வேறோர் அறையில் நடக்கும் வகுப்புக்குச் செலவாயிற்று. கடை பயிற்சிக்கு நிதியளிக்கிறது என்று இன்று நாம் கூறும் கூற்று, கடையும் பயிற்சியும் பிரிந்துவிட்டன என்பதையும் உட்கொண்டுள்ளது.

இப்பிரிவினால் நன்மையும் உண்டாயிற்று. கணிப்பொறி, கிடங்குப் பணி, மருத்துவமனை உதவிப் பணி எனச் சந்தை வேண்டும் தொழில்களைக் கற்பிக்க இயன்றது. இண்டியானாபோலிஸ் நகரில் 2010-இல் குட்வில் அமைப்பு தொடங்கிய எக்செல் பள்ளி, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட பெரியவர்கள் மீண்டும் பயின்று முழுமையான மேல்நிலைப் பள்ளிச் சான்று பெற வழி செய்கிறது. மாணவரின் பிள்ளைகளை அவர்கள் படிக்கும் நேரத்தில் பார்த்துக்கொள்ளவும் அங்கே ஏற்பாடு உண்டு. அப்பள்ளி அரசின் கல்வி நிதியையும் பெறுகிறது. கடை வருவாயால் மட்டும் நடப்பதன்று. ஷாமட் சாலைப் பகற்காப்பகத்தின் வழித்தோன்றலை நாம் அங்கே காண்கிறோம்.

கடையின் வளர்ச்சிக்கு அரசின் வரிச்சட்டமும் இடமளித்தது. அறநிறுவனம் தன் நோக்கத்துக்குப் புறம்பான வாணிகம் செய்தால் அதற்கு வரி உண்டு என்று 1950-இல் அமெரிக்கச் சட்டம் வகுத்தபோது, விற்கும் பொருள்களில் பெரும்பகுதி நன்கொடையாய் வந்தவையாயின் அவ்வரி இல்லை என்று விலக்கும் அளித்தது. கொடுப்பவரும் தம் வருமான வரியில் கழிவு கோரலாம். 2006-க்குப் பின்னர் நல்ல நிலையிலுள்ள ஆடைகளுக்கே அக்கழிவு என்று விதி இறுகிற்று. கொடுப்போர் எத்தகைய பொருள்களைக் கொடுத்துவந்தனர் என்பதை இவ்விதியே உணர்த்தும். இன்று அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 150-க்கும் மேற்பட்ட தன்னாட்சியுடைய குட்வில் அமைப்புகள் இயங்குகின்றன. அவற்றின் கடைகள் 3,000-க்கும் அதிகம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆட்சிக்குழு உண்டு. ஓர் அமைப்பின் புகழும் பழியும் மற்றொன்றுக்கு முழுதும் பொருந்தா. இதனை மறந்து எழுதப்படும் புகழுரைகளும் கண்டனங்களும் மிகப் பல.

விற்காத ஆடைகள் எங்கே போகின்றன? பெரும் பொதிகளாகக் கட்டப்பட்டு வணிகர்க்கு விற்கப்படுகின்றன. அவ்வணிகர் கைவழியே ஆப்பிரிக்கச் சந்தைகளுக்கும், நம் நாட்டிற்கும் வருகின்றன. அரியானா மாநிலத்துப் பானிப்பட்டு நகரின் ஆலைகளில் மேலைநாட்டுப் பழைய கம்பளி ஆடைகள் கிழித்து நூலாக்கப்பட்டுப் போர்வைகளாகின்றன. பொத்தான்களையும் பல்லிணைப் பட்டைகளையும் வெட்டியெடுக்கும் வேலை அங்கே பெரும்பாலும் பெண்களுடையது. ஒருவருக்குப் பயிற்சி அளிக்கும் அறம் கடலைக் கடந்தபின் பயிற்சியற்ற மலிவுக் கூலியில் முடிகிறது என்பதை அந்நாட்டுச் சபைகள் எண்ணிப்பார்த்தனவா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

கடையை நம்பி நிற்கும் பயிற்சி, கடை சாய்ந்தால் தானும் சாயும். 2016 ஜனவரி மாதம் கனடாவின் டொராண்டோ நகரத்துக் குட்வில் அமைப்பு பணமுடையால் தன் 16 கடைகளையும் திடீரென அடைத்தது. 400-க்கும் மேற்பட்ட பணியாளர் ஒரே நாளில் வேலையிழந்தனர். வேலை தேடித் தரும் பணிக்கென ஏற்பட்ட நிறுவனத்தின் வாசலில் வேலையிழந்தோர் நின்றது, அவ்வியக்க வரலாற்றின் துயரமிக்க காட்சிகளுள் ஒன்று.

இனி, கூலி பற்றிய வழக்கு. இதுவே இவ்வரலாற்றின் கடினமான பகுதி. 1938-ஆம் ஆண்டின் நேர்மையான தொழிலாளர் தரச் சட்டம் நாடு முழுவதற்கும் குறைந்தபட்சக் கூலியை வகுத்தது. அச்சட்டத்தின் 14-ஆம் பிரிவு, உடற்குறையால் உற்பத்தித் திறன் குன்றியவருக்கு அதனினும் குறைந்த கூலி கொடுக்கச் சான்றிதழ் பெறலாம் என்றது. அளக்கும் முறை இது: குறையற்ற தொழிலாளி ஒருவர் ஒரு வேலையை எவ்வளவு நேரத்தில் செய்கிறார் என்று கணக்கிடுவர், மாற்றுத்திறனாளி அதே வேலையை எவ்வளவு செய்கிறார் என்றும் கணக்கிடுவர், விகிதத்துக்கேற்பக் கூலி நிர்ணயிப்பர். மணிக்கூலியாளரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் அளக்கவேண்டும். சான்றிதழ் பெற்ற நிறுவனங்களுள் குட்வில் அமைப்புகள் சிலவும் இருந்தன.

பார்வையற்றோர் தேசியக் கூட்டமைப்பு 2012-இல் இதனை எதிர்த்து, குட்வில் கடைகளைப் புறக்கணிக்குமாறு அழைப்பு விடுத்தது. அடுத்த ஆண்டு தொலைக்காட்சிச் செய்திகள் வழியாக இச்செய்தி நாடெங்கும் பரவிற்று. கடைகளின் தலைமை அலுவலர் சிலர் பெற்ற பெரும் ஊதியமும், மணிக்கு ஒரு டாலருக்கும் குறைவாகச் சிலர் பெற்ற கூலியும் அருகருகே வைத்துப் பேசப்பட்டன. நிறுவனத்தார் கூறிய மறுமொழியையும் நாம் எளிதில் தள்ளிவிடலாகாது. இச்சான்றிதழ் இல்லையேல் கடுங்குறையுடைய பலர்க்கு வேலையே இராது. வீட்டின் மூலையில் முடங்குவர். அவர்கள் வேலைக்கு வருவது கூலிக்காக மட்டுமன்று, தோழமைக்காகவும், நாளொன்றுக்கு ஒரு நோக்கம் வேண்டியும் என்பது அவர்கள் வாதம். மாற்றுத்திறனாளிகளின் பெற்றோர் பலரும் இவ்வாதத்தை ஆதரித்தனர். அவர்கள் அச்சம் பொய்யன்று.

எனினும் எதிர்வாதமே வலுவுடையது என்று நாம் கருதுகிறோம். ஹெல்ம்ஸின் முறை, கற்பவனின் குறைவான உற்பத்தியை விலையில்லாப் பொருளின் ஆதாயத்தால் ஈடுசெய்தது. 14-ஆம் பிரிவின் முறையோ அக்குறையைக் கற்பவனின் கூலியிலிருந்தே கழித்துக்கொள்கிறது. நன்கொடைப் பொருளின் ஆதாயமும் நிறுவனத்துக்கு, குறைந்த கூலியின் ஆதாயமும் நிறுவனத்துக்கு என்றால், இடைவெளியைத் தாங்குபவர் யார்? மிக நலிந்தவரே. பயிற்சி என்பதற்கு ஒரு முடிவு இருக்கவேண்டும்; இருபது ஆண்டுகளாக ஒருவர் அதே மேசையில் அதே துணியைப் பிரித்துக்கொண்டிருந்தால் அதைப் பயிற்சி என்று அழைப்பது சொல்லுக்கே இழுக்கு. திராட்சத்தோட்ட வேலைக்காரர் உவமையை (மத்தேயு 20) நாம் பொருளாதாரச் சட்டமாக வாசிப்பதில்லை. ஆயினும், ஒருவரும் தம்மை வேலைக்கு அமர்த்தாததால் நாள் முழுதும் சந்தைவெளியில் நின்றவர்களுக்கு அத்தோட்டத்து எசமான் கூலியை எவ்வளவு நேரம் உழைத்தார்கள் என்று அளந்து கொடுக்கவில்லை என்பதை, கையில் கடிகாரத்தோடு நிற்கும் கண்காணியை எண்ணும்போது மறத்தல் அரிது.

ஊழியம் என்னும் பெயரால் கூலிச் சட்டத்தினின்று விலகலாமா என்னும் வினாவுக்கு அந்நாட்டு உச்சநீதிமன்றம் 1985-இல் விடையளித்தது. அலமோ அறக்கட்டளை என்னும் சமய அமைப்பு, போதைப்பழக்கத்தினின்றும் குற்ற வாழ்வினின்றும் மீண்டவர்களைத் தன் வணிக நிலையங்களில் உணவும் உறையுளும் மட்டும் தந்து வேலை வாங்கியது. தாங்கள் ஊழியஞ் செய்கிறோம், கூலி வேண்டோம் என்று அவர்களே சாட்சி கூறினர். நீதிபதிகள் ஒருமனதாக, அவர்கள் தொழிலாளரே, சட்டம் அவர்களுக்கும் உரியது என்று தீர்ப்பளித்தனர். கூலி வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நிற்பவருக்கே சட்டத்தின் காவல் மிகுதியும் தேவை என்பது அத்தீர்ப்பினின்று நாம் கொள்ளும் பொருள். சபை நிறுவனங்களில் அர்ப்பணிப்பு என்னும் சொல்லைக் கேட்டுப் பழகிய நாம் இத்தீர்ப்பை ஒருமுறையேனும் வாசித்தல் நலம்.

2014-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம், 24 வயதும் அதற்குக் குறைவும் உடைய இளைஞரை நேரே இத்தகைய குறைந்த கூலி வேலைக்கு அனுப்புவதைக் கட்டுப்படுத்தியது; முதலில் அவர்களுக்கு மறுவாழ்வுத் துறையின் பயிற்சியும் வழிகாட்டுதலும் அளிக்கப்படவேண்டும் என்றது. 2015-இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழான கூலியைத் தன் எல்லைக்குள் அறவே விலக்கியது. பின்னர் வேறு மாநிலங்களும் அவ்வழி சென்றன. குட்வில் அமைப்புகளுள்ளும் பல, சான்றிதழைத் தாமாகவே கைவிட்டன. 14-ஆம் பிரிவோ கூட்டாட்சிச் சட்டப் புத்தகத்திலிருந்து இன்னும் நீக்கப்படவில்லை. மார்கன் நினைவு என்னும் பெயரைத் தாங்கிய அமைப்பு இன்றும் பாஸ்டனில் இயங்குகிறது. மக்கள் பைகளில் ஆடைகளைக் கொண்டுவந்து அதன் வாசலில் வைத்துச் செல்கின்றனர்.